கொஞ்சம் முன்னாடி பாஸ் பண்ணுங்க

என் இதயம் நின்று நின்று ஓட ஆரம்பித்த பிறகு எங்கள் படுக்கையறையை பஸ் நிறுத்தமாக அறிவித்துவிட்டார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கே எது அடிக்கடி நிற்கிறதோ அங்கே நிறுத்தம் வைப்பதுதான் முறை.

கட்டிலின் கால்மாட்டில் நிழற்குடை வைக்க வேண்டும் என்றார்கள். சிமெண்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் எதிர்வீட்டு ரங்கராஜை நிறுத்தினார்கள். அவர் எப்போதும் எங்கேயாவது நின்று யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும் ஆள். இப்போது இங்கே நிற்கிறார். தலை நன்றாக அகன்று, விளிம்பில் தகரம் மடங்கி, மழைக்குத் தோதாக ஆகிவிட்டார். வயிற்றில் ஒரு நகைக்கடை விளம்பரம் ஒட்டியிருக்கிறது. மதியம் அவர் மனைவி தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போகிறார்.

நிறுத்தத்தைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. தூக்கம்தான் இல்லை.

என் பெயர் நாச்சிமுத்து. ஈரோட்டில் ஒரு போர்வைக் கடையில் சேல்ஸ்மேன். நான் போர்வையை உதறி விரிக்கிற விதத்திலேயே வாடிக்கையாளருக்குக் கொட்டாவி வந்துவிடும். முதலாளி என்னை வைத்திருப்பதே அதற்காகத்தான். ஊரில் பாதிப் பேர் நான் விற்ற போர்வைக்குள் சுகமாகத் தூங்குகிறார்கள். நான் மட்டும் மல்லாந்து கிடந்து விட்டத்தைப் பார்க்கிறேன். இதை வெளியே சொல்வதில்லை. வியாபாரம் கெட்டுப்போகும்.

இதயம் செய்கிற வேலை இதுதான். தட், தட், தட் என்று ஒழுங்காகப் போகும். பிறகு ஒன்றை விட்டுவிடும். அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. இன்னொரு படி இருக்கிறது என்று நம்பிக் கால் வைத்தால் இல்லாமல் போகுமே, அந்த மாதிரி. பிறகு தடார் என்று ஒன்று வரும். விட்டதற்கும் சேர்த்து அடிக்கும். கடையில் நிற்கும்போது இதெல்லாம் தெரிவதில்லை. படுத்தால் போதும், தலையணைக்குள் கேட்க ஆரம்பித்துவிடும்.

டாக்டர் குலசேகரனிடம் போனேன். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். நடுநடுவே சிரித்தார். வெளியே இருந்த அடுத்த டோக்கன்காரரைக் கூப்பிட்டு அவர் காதிலும் வைத்தார். அவரும் சிரித்தார்.

"என்னங்க டாக்டர்?"

"உங்க இதயம் கதை சொல்லுதுங்க. நடுவுல நடுவுல மறந்துருது. அப்பறம் ஞாபகம் வந்து சத்தமாச் சொல்லுது."

"ஆபத்துங்களா?"

"எல்லா டெஸ்ட்டும் பாத்தாச்சு. உங்களுக்கு ஆபத்தில்லீங்க. டீயைக் கொறைங்க. நல்லாத் தூங்குங்க. முக்கியமா, ஒட்டுக் கேட்டுட்டே இருக்காதீங்க. அதுக்கும் கூச்சமா இருக்குமல்ல?"

கேட்காமல் எப்படி இருப்பது? என் பயம் இதுதான்: யாரும் கவனிக்காத நேரம் பார்த்து அது ஒரேயடியாக நின்றுவிடும். கடையில் நாங்களே அப்படித்தான். முதலாளி கல்லாவை விட்டு எழுந்தால் கை தானாக நின்றுவிடும். என் இதயம் என்னைப் போலத்தானே இருக்கும்? ஆகவே நான் கவனித்தேன். நான் அசந்துவிட்டால் கவனிக்க ஆள் வேண்டும் என்று என் மனைவி தெய்வானையைக் கூட வைத்துக்கொண்டேன்.

"தெய்வானை, ஓடுதா பாரு."

அவள் என் நெஞ்சில் காதை வைப்பாள். "ஓடுதுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "தெய்வானை."

"ஓடுதுங்க."

நடுவில் நானே தூங்க முயற்சி செய்யாமல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைப் போர்வைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கிப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. ஸ்டாக் குறைந்திருந்தது. மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். எண்ணிப் பார்த்தார். குறைந்துதான் இருந்தது. என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

நாளாக ஆக, தெய்வானைக்குப் பதில் சொல்லக் கேள்வி தேவைப்படாமல் போயிற்று. குக்கர் விசில் அடித்தால் "ஓடுதுங்க" என்றாள். பால்காரரிடம் "ஓடுதுங்க" என்றாள். பாலுக்கு உப்பும் ரசத்துக்குச் சர்க்கரையும் போட்டாள். இரண்டையும் நான் வாயைத் திறக்காமல் குடித்தேன். அவள் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்து, கன்னத்தில் இறங்கி, கழுத்தைத் தாண்டி, ரவிக்கைக் கை வரைக்கும் வந்துவிட்டது. சோப்பு போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னாள். "எனக்கும் தூங்கோணுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது எகிறியிருப்பேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சரி. இன்னைக்கு பஸ்ஸுலயே போயிரலாம்," என்றேன்.

மதிய பஸ் பீரோ வழியாக வரும். நாங்கள் படுக்கையறைக்குப் போனபோது நல்ல கூட்டம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் போக வேண்டியிருக்கிறது. கட்டிலில் உட்கார இடமில்லை. கிடா விருந்துக்குப் போய்வந்த ஒரு குடும்பம் வரிசையாக ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. ரங்கராஜ் எல்லோருக்கும் நிழல் கொடுத்தபடி "இப்ப வந்துருங்க, இப்ப வந்துருங்க" என்றார். நிழற்குடைக்கு நேரம் தெரியாது. ஆனாலும் அவர் சொல்வதை விடமாட்டார்.

பீரோவின் இரண்டு கதவும் திறந்தன. என் சட்டைகளை ஒதுக்கிக்கொண்டு பஸ் வந்தது. நெற்றியில் பலகை இருந்தது. "தூக்கம். வழி: கொட்டாவி." கீழே சின்ன எழுத்தில் "கனவில் நிற்காது" என்று போட்டிருந்தது.

வழக்கப்படி தெய்வானை முன் படியில் ஏறினாள். நான் பின் படிக்கு ஓடினேன். வீட்டில் எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் டவுன் பஸ் என்று வந்தால் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுவோம். அப்புறம் நடுவில் இருக்கிற கூட்டத்துக்கு மேலே குரல் கொடுத்துத்தான் குடும்பம் நடத்த வேண்டும். டிக்கெட்டை அவள் எடுத்திருப்பாள் என்று நானும், நான் எடுத்திருப்பேன் என்று அவளும் இருந்து, செக்கிங்கில் மாட்டி முழித்திருக்கிறோம். இரண்டு பேருமே எடுத்துத் தொலைத்து, இறங்கிய பிறகு ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டதும் உண்டு.

ஏறுவதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்திருந்தேன். எங்கள் கடைத் துண்டு. பச்சைக் கரை. உள்ளே போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள். சட்டை வேட்டி எல்லாவற்றிலும் பச்சைக் கரை.

"இது நான் துண்டு போட்ட இடமுங்க."

"ஆமாங்க. நான்தான்."

"எது நீங்கதான்?"

"துண்டு."

அவர் தோளைத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் சரக்குதான். கொஞ்ச நாள் துவைத்த பிறகு வருகிற மென்மை இருந்தது.

"அப்ப எந்திரிங்க. நான் உக்காரோணும்."

"இடம் புடிக்கத்தானுங்க போட்டீங்க? புடிச்சிருக்கறேன். நான் எந்திரிச்சா வேற ஆராச்சும் புடிச்சிருவாங்க."

அதில் நியாயம் இருந்தது. நான் நின்றேன்.

கூட்டம் நெருக்கியதில் இதயம் சட்டைப்பைக்கு வந்துவிட்டது. நெரிசலில் இது சகஜம். பையில் இருந்தால் எவனாவது அடித்துக்கொண்டு போய்விடுவான் என்று வெளியே எடுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டேன். ஒரு மல்கோவா மாம்பழம் அளவு. நல்ல சூடு.

கண்டக்டர் வந்தார். சட்டையில் மாரப்பன் என்று பெயர் குத்தியிருந்தது.

"எங்கீங்க?"

"தூக்கம் ரெண்டு. ஒண்ணு எனக்கு. ஒண்ணு முன்னாடி, மாம்பழக் கலர் சேலை."

"ரிட்டன் வேணுங்களா?"

"ரிட்டன் நிச்சயமா உண்டுங்களா?"

"போனவங்க எல்லாம் டீ நேரத்துக்குத் திரும்பி வரத்தான் செய்யறாங்க."

"எல்லாருமே?"

"சார், பின்னாடி ஆளு நிக்கறாங்க."

ரிட்டனே வாங்கினேன். கண்டக்டர் ரெட்டை விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது.

ரெட்டை விசில் என்றால் போக வேண்டும். ஒற்றை விசில் என்றால் நிற்க வேண்டும். எங்கள் டிரைவருக்கு உலகத்தில் இதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. திரும்பிப் பார்க்கிற பழக்கமும் இல்லை. என் இதயம் தட் தட் என்றது. டிரைவர் வேகம் எடுத்தார். இதயம் ஒன்றை விட்டது. டிரைவர் பிரேக் போட்டார். மொத்த பஸ்ஸும் முன்னால் சாய்ந்தது. தடார். மொத்த பஸ்ஸும் பின்னால் சாய்ந்தது.

"ஏனுங்க டிரைவரு, கரகாட்டமா ஆடறீங்க?" என்று யாரோ கேட்டார்கள். டிரைவர் திரும்பவில்லை. தட் தட். போனார். ஒன்றுமில்லை. நின்றார்.

கொட்டாவி வந்தது. எல்லோரும் வரிசையாகக் கொட்டாவி விட்டார்கள். முன் சீட்டில் ஆரம்பித்து, தலை தலையாகத் தாண்டிப் பின்னால் வந்தது. என் முறை வந்ததும் நானும் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து இதயம் ஒன்றை விட்டது. நான் திறந்த வாயோடு அப்படியே நின்றேன். பஸ்ஸும் நின்றது. தட் தட் என்றால் நாலடி போகும். மறுபடியும் கொட்டாவியிலேயே நிற்கும்.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு திரும்பி வந்தார்.

"இங்க ஆரு விசில் அடிக்கறது?"

"விசில் இல்லீங்க. இதயம்."

"ஆருது?"

"என்றதுதானுங்க."

"அதை முதல்ல நிறுத்துங்க."

"நின்னுரக் கூடாதுன்னுதானுங்க புடிச்சிட்டு நிக்கறேன்."

கண்டக்டர் யோசித்தார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்ததால் மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. டிரைவர் குழம்பிப்போய் வைப்பரைப் போட்டார்.

கூட்டம் என்றால் யோசனைக்குப் பஞ்சம் இருக்காது. "ஒருக்கா இருமிப் பாருங்க, சரியாயிரும்," என்றார் கிடா விருந்துக் குடும்பத்துப் பெரியவர். இருமினேன். எனக்குத் துணையாக பஸ்ஸே இருமியது. "வலது பக்கமாச் சாயுங்க." சாய்ந்தேன். எல்லோரும் சாய்ந்தார்கள். பஸ்ஸும் சாய்ந்தது. "குளுந்த தண்ணி குடிங்க." ஒரு பாட்டில் கை மாறிக் கை மாறி வந்தது. என்னிடம் வரும்போது மூடி மட்டும் இருந்தது. "அதை நெனைக்காம இருங்க," என்றார் ஒருவர். எல்லோரும் என் இதயத்தை உற்றுப் பார்த்தபடி அதை நினைக்காமல் இருந்தோம்.

முன்னாலிருந்து தெய்வானையின் குரல் வந்தது. "ஓடுதுங்க!"

நான் கேட்கவே இல்லை. பாவம், கொட்டாவியைப் பாதியில் முழுங்கிவிட்டுச் சொல்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. இந்த பஸ் கொட்டாவியிலேயே நிற்கிற வரை அவளும் கொட்டாவியில்தான் நிற்க வேண்டும். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எனக்காக முழித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கையிலும் இதயம் இருந்ததால் கண்ணைத் துடைக்க வழியில்லை. துண்டுதான் எட்டித் துடைத்துவிட்டார்.

"நின்னுட்டு வர்றவங்க கையில சாமான் வச்சிருக்கக் கூடாதுங்க," என்றார் கண்டக்டர். "உக்காந்திருக்கறவங்ககிட்டக் குடுங்க. நீங்க என்ன வெளியூரா?"

"இது சாமான் இல்லீங்க."

"கையில இருந்தா சாமான்."

பக்கத்து சீட்டில் இருந்த அம்மா கையை நீட்டினார். மடியில் சந்தைப் பை. என்னைப் பார்க்கவே இல்லை. எங்கள் பஸ்ஸில் இதுதான் முறை. நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். பை என்றில்லை. கைக்குழந்தை, நாட்டுக்கோழி, கண்ணாடிச் சட்டம் போட்ட சாமி படம், எதுவானாலும் சரி. கொடுப்பவரும் முகம் பார்ப்பதில்லை, வாங்குபவரும் பார்ப்பதில்லை. நானே எத்தனை பேர் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றியது.

கொடுத்தேன். அந்த அம்மா பையை விரித்து முருங்கைக்காய்க்கும் தக்காளிக்கும் நடுவில் அதை வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் பேச்சைத் தொடர்ந்தார்.

"அதுக்கு என்ற நாத்தனா சொல்றா, சீர்ல வச்ச அண்டா சின்னதாம்."

"ஏனுங்க, ஓடுதுங்களா?" என்றேன்.

"எது?"

"நான் குடுத்தது."

"அது எங்க ஓடப்போகுது? பைக்குள்ளதான் கெடக்குது."

நான் குனிந்து பைக்குள் காதை வைத்தேன். முருங்கைக்காய் குத்தியது. தட், தட், தட். பிறகு ஒன்றை விட்டது. நான் "ஐயோ" என்றேன். டிரைவர் பிரேக் போட்டார்.

அந்த அம்மா முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்படித் தலைமேலயே நின்னுட்டு இருந்தா நான் எப்படீங்க வச்சுக்கறது? உங்க ஊட்டுக்காரம்மா வந்திருக்கறாங்கல்ல? அவங்ககிட்டயே குடுத்துருங்க."

"அவ முன்னாடி இருக்கறாளுங்க."

"அதுக்கென்ன? பாஸ் பண்ணிட்டாப் போச்சு."

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அது கிளம்பிவிட்டது. கூட்டத்தில் டிக்கெட் காசு போகுமே, அதே வழியில் போனது. "முன்னாடி பாஸ் பண்ணுங்க. மாம்பழக் கலர் சேலை. தெய்வானைங்கற பேரு." ஒவ்வொரு கையும் வாங்கியது. அடுத்த கைக்குக் கொடுத்தது.

"சூடா இருக்குதே."

"ஆருதோ, நல்லாத் துள்ளுது."

"பாத்துங்க, வழுக்கும்."

செல்போனில் பேசிக்கொண்டிருந்த ஒருவர் பேச்சை நிறுத்தாமல் இடது கையால் வாங்கி இடது கையாலேயே கொடுத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. கிடா விருந்துக் குடும்பத்துப் பாப்பா ஒரு முத்தம் கொடுத்து அனுப்பியது. அது பிடித்திருந்தது. நான் எம்பி எம்பிப் பார்த்தேன். நான் எம்ப எம்ப பஸ் நீண்டுகொண்டே போனது. முதலில் முன் படி தெரிந்தது. பிறகு தெரியவில்லை. நடுவில் ஒரு ரயில்வே கேட் வந்தது. என் இதயம் கேட்டைத் தாண்டுவதைப் பார்த்தேன். கேட்டை மூடிவிட்டார்கள்.

"குடுத்தாச்சா?" என்று கத்தினேன்.

கேள்வி வாய் மாறி வாய் மாறி முன்னால் போனது. கேட்டில் கொஞ்சம் நின்றது. கூட்ஸ் வண்டி போன பிறகு பதில் வந்தது.

"குடுத்தாச்சு!"

அப்பாடா என்று இருந்தது. இனி தெய்வானை பார்த்துக்கொள்வாள். நெஞ்சு லேசாக இருந்தது. காலியாக இருந்தது என்று சொல்வதுதான் சரி. டிரைவருக்கு இனி குழப்பம் இல்லை. கண்டக்டரின் ரெட்டை விசில் மட்டும் கேட்டது. பஸ் கொட்டாவியைத் தாண்டி, ஒரு குலுக்கலும் இல்லாமல் ஓடியது. துண்டு நகர்ந்து பாதி இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் விளைகிற காடு. ஒவ்வொரு பாத்தியிலும் ஒருவர் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். எல்லாம் எங்கள் கடைப் போர்வை. டிசைனைப் பார்த்ததுமே தெரிந்தது. ஸ்டாக் குறைந்தது எங்கே போனது என்றும் தெரிந்தது.

"இந்த வருசம் நல்ல வெளைச்சல்," என்றார் துண்டு. "மழைக்கு முந்தி எழுப்பிரோணும்."

எனக்குக் கண் சொக்கியது. இமைகள் ஒன்றையொன்று தொட்டன. அப்போது கண்டக்டர் என் தோளைத் தட்டினார்.

"முன்னாடி மாம்பழக் கலர் சேலை, உங்க ஊட்டுக்காரம்மாதானுங்க?"

"ஆமாங்க."

"தூங்கிட்டாங்க. சாமான் வந்து சேர்றதுக்கு முந்தியே தூங்கிட்டாங்க."

"தூங்கிட்டாளா?"

"கண்ண மூடறதுக்கு முந்தி எங்கிட்டச் சொன்னாங்க. டிக்கெட்டு, ஊட்டுச் சாவி, இதயம், எல்லாம் அவருகிட்ட இருக்குது, அவரு பாத்துக்குவாருன்னாங்க. அந்த டிக்கெட்டைக் காட்டுங்க."

டிக்கெட்டைக் காட்டினேன். அவள் பார்த்துக்கொள்வாள் என்று நான் இருந்தேன். நான் பார்த்துக்கொள்வேன் என்று அவள் இருந்திருக்கிறாள். ஆக, இத்தனை நேரமும் யாருமே பார்க்கவில்லை.

நெஞ்சில் கையை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் முன்னால் போய்விட்டதே.

எழுந்தேன். "இடம் போயிருமுங்க," என்றார் துண்டு. போகட்டும் என்றேன்.

பஸ்ஸின் நடைவழி நான் நடக்க நடக்க நீண்டது. ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனேன்.

"ஒரு இதயம் வந்துதுங்களா?"

"வந்துது. குடுத்தாச்சு."

"ஆருகிட்ட?"

"முன்னாடி."

எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். சிலர் தூக்கத்திலேயே கையை முன்பக்கம் நீட்டிக் காட்டினார்கள். கேட்டைக் குனிந்து தாண்டினேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் கடை இருந்தது. முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா நாச்சிமுத்து, லீவு நாள்ல எதுக்கு வந்த?"

"இதயத்தைத் தேடறனுங்க."

"மேல் ரேக்குல பாரு."

ஏறிப் பார்த்தேன். தலையணை உறைதான் இருந்தது. இறங்கி ஓடினேன். நன்றாகவே ஓடினேன். கடைக்கு அடுத்த சீட்டில் டாக்டர் குலசேகரன் ஜன்னலோரம் சாய்ந்திருந்தார். பாதிக் கண்ணைத் திறந்தார்.

"ஓடறீங்களே, மூச்சு வாங்குதா?"

"இல்லீங்க."

"மயக்கம் வருதா?"

"இல்லீங்க. டாக்டர், இதயம் எங்கிட்ட இல்லீங்க. ரொம்ப நேரமா அதை ஆரும் பாக்கல."

"சரி. நீங்க எப்படி இருக்கறீங்க?"

"நான் நல்லாத்தானுங்க இருக்கறேன்."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஓட்டத்தைக் குறைத்தேன். பிறகு நடந்தேன். நடந்தால் பஸ் அவ்வளவாக நீளவில்லை.

முன் படிக்குப் பக்கத்து சீட்டில் தெய்வானை இருந்தாள். ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். கருப்பு கையை விட்டு, கழுத்தை விட்டு, கண்ணுக்குக் கீழே கொஞ்சூண்டு மட்டும் பாக்கி இருந்தது. அதுவும் கரைந்துகொண்டிருந்தது. மடியில் என் இதயம். கடைசியாக வாங்கியவருக்குத் தூங்குகிறவளை எழுப்ப மனம் வரவில்லை போலிருக்கிறது. மடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவள் தூக்கத்திலேயே முந்தானையை எடுத்து அதன்மேல் போர்த்தியிருந்தாள். எங்கள் மகள் சின்னவளாக இருக்கும்போது தெய்வானை அவளையும் பஸ்ஸில் அப்படித்தான் போர்த்துவாள். அதற்குக் கவனிப்பது என்று பெயர் இல்லை. அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

முந்தானைக்குள் அது அசைந்தது. தட். தட். தட். ஒன்றை விட்டது. தடார். பிறகு தட், தட் என்று அது பாட்டுக்குப் போனது. யாரும் கேட்கவில்லை. யாரும் "ஓடுதுங்க" என்று சொல்லவில்லை. என்னைக் கண்டதும் பதறி வேலை செய்கிற மாதிரியும் தெரியவில்லை. நான் வருவதற்கு முன்பும் இப்படித்தான் ஓடியிருக்கிறது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இத்தனை நாள் நான் காவல் காத்தது எதற்கு?

"தெய்வானை" என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது. "ஓடுதா பாரு" அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது. நான் வாயை மூடி இரண்டையும் முழுங்கினேன். தொண்டையில் சித்த நேரம் சிக்கி, பிறகு இறங்கின. கல்யாணமான நாளிலிருந்து நான் அவளுக்குச் செய்த பெரிய உபகாரம் அதுவாகத்தான் இருக்கும்.

இதயத்தைத் திரும்ப எடுக்கலாம் என்றால் முந்தானையை இழுக்க வேண்டும். இழுத்தால் முழித்துவிடுவாள். விட்டுவிட்டேன். அவள் பக்கத்தில் இருந்த வேறொரு அம்மா எழுந்தார். "நீங்க உக்காருங்க. நான் இங்கயே இறங்கிக்கறேன்," என்று ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாக மஞ்சள் காட்டில் இறங்கி, காலியாக இருந்த ஒரு பாத்தியில் படுத்துக்கொண்டார். போர்வை தயாராக இருந்தது. நான் உட்கார்ந்தேன்.

கண்டக்டர் வந்தார். மடியைப் பார்த்தார்.

"சாமானை ஆராச்சும் பாத்துக்கறீங்களா?"

"இல்லீங்க. ஆரும் பாக்கல."

"அப்பச் சரி," என்று விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தெய்வானையின் தலை ஜன்னலை விட்டு நகர்ந்து என் தோளுக்கு வந்தது. கண்ணைத் திறக்காமலே "ஓடுதுங்க" என்றாள்.

"ஓடட்டும். நீ தூங்கு," என்றேன்.

என் தலை அவள் தலைமேல் சாய்ந்தது. வெளியே காட்டு வரப்பில் ரங்கராஜ் நின்றுகொண்டு "இப்ப வந்துருங்க" என்று யாரிடமோ சொன்னார். முந்தானைக்குள் இதயம் தட் என்றது. தட் என்றது. பிறகு ஒன்றை விட்டது.

நான் வழக்கம்போல அடுத்ததற்காகக் காத்திருந்தேன்.

அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் தூங்கிவிட்டேன்.